பொருந்தாத மரச்சட்டம்



இந்த வாரம் ஒரு பொம்மை வீட்டைக் குறித்து உங்களோடு பேச விழைகிறேன். வாசித்தவுடன் உங்களில் சிலர் புன்னகைப்பீர்கள் என்பதை அறிவேன். ஏழு வாரங்களாக என் மேசையின் ஒரு பாதியை அந்த வீடு எடுத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைச் செய்திக்கான குறிப்புகள் மற்றப் பாதியில் ஒண்டிக்கொண்டன. வேதாகமத்தின் மேலட்டையில்கூட மரத்தூள் படிந்திருந்தது.

நம் சபையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தார். திருவெறும்பூரிலுள்ள பெல் கொதிகலன் ஆலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஃபிட்டராகப் பணிசெய்து ஓய்வுபெற்றவர். ஆலயத்தில் நாற்காலிகள் வரிசை பிசகியிருந்தால் ஆராதனை தொடங்குமுன் எழுந்துபோய் நேராக்கிவிட்டு வருவார். அவருடைய மகள் வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி அனுப்பியிருந்தாள். உள்ளே ஒரு பொம்மை வீட்டின் பாகங்கள் யாவும் துண்டு துண்டாக, எண்ணிட்டு அடுக்கப்பட்டிருந்தன. பேத்திக்குத் தாத்தா தம் கையால் கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பெட்டி வந்து சேர்ந்த சில மாதங்களில் அவருக்கு நடுக்குவாதம் என்று மருத்துவர் சொன்னார். ஆயினும் அவர் சுவர்களை நிறுத்தினார், தளங்களைப் பொருத்தினார், கூரையையும் ஏற்றினார். தச்சர்கள் பீடிங் என்று சொல்லும் மெல்லிய சட்டங்கள் மாத்திரம் பெட்டியிலேயே கிடந்தன. மழைக்காலத்தில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அவருடைய மனைவி வீட்டைக் காலிசெய்துவிட்டுக் கோயம்புத்தூரில் மகனோடு போய் இருக்க ஏற்பாடாயிற்று. புறப்படுமுன் அந்தப் பொம்மை வீட்டை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார்கள். நான் இளவயதில் ஒரு மரப்பட்டறையில் இரண்டு விடுமுறைகளைக் கழித்தவன் என்பதை எங்கேயோ நான் சொல்லியிருந்தது அவர்களுடைய நினைவில் இருந்திருக்கிறது. போதகர்மார் மேடையில் பேசுகிறதையெல்லாம் மக்கள் மறந்துவிடுகிறார்கள் என்று யார் சொன்னது?

பொம்மை வீடு என்பது நம்மவருக்குச் சற்று அந்நியமான பொருள். நமக்குச் சொப்பு உண்டு, மரப்பாச்சி உண்டு. நவராத்திரி நாட்களில் ஸ்ரீரங்கத்து வீதிகளில் கொலுப்படிகளின் பக்கத்தில் கேழ்வரகு தூவி முளைக்கவைத்து, சிறு பூங்காவும் குளமும் தெருவும் அமைப்பார்கள். அவற்றினருகே அட்டை வீடுகள் நிற்கும். கிறிஸ்துமஸ் குடிலில் நாம் வைக்கிற ஓலைக் கொட்டகையும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் கதவுச் சட்டம், அடிச்சுவர்ப் பட்டை, விதானத்து விளிம்பு என்று உண்மை வீட்டின் ஒவ்வொரு மரவேலையையும் சுருக்கிச் செய்யும் வழக்கம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமின் செல்வக் குடும்பத்துப் பெண்கள் அத்தகைய வீடுகளை அலமாரி போலச் செய்து வைத்துக்கொண்டார்கள்; அவை குழந்தைகள் விளையாடுவதற்கானவை அல்ல. அவற்றுள் ஒன்றை இன்றும் அந்நகரத்து ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் காணலாம். புது தில்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ், அந்த நகர வேலை நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1921 முதல் 1924 வரை, இங்கிலாந்தின் மேரி அரசிக்காக ஒரு பொம்மை வீட்டையும் கட்டுவித்தார். குழாயில் தண்ணீர் வரும், விளக்கு எரியும், மின்தூக்கி ஏறி இறங்கும். இப்போது அது வின்சர் கோட்டையில் இருக்கிறது. அதன் அளவு 1:12. அதாவது மெய்யான வீட்டின் ஓர் அடி, இங்கே ஓர் அங்குலம். நம் பெரியவருக்கு வந்த பெட்டியும் இதே அளவில் செய்யப்பட்டதே.

இந்த 1:12 என்ற எண்ணைச் சற்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பொம்மை வீட்டில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி என்றால், கண் அதைப் பன்னிரண்டு மில்லிமீட்டராக, ஏறத்தாழ அரை அங்குலமாக வாசிக்கிறது. உங்கள் வீட்டு வாசற்காலில் அரை அங்குலம் சந்து விழுந்திருந்தால் நீங்கள் ஆசாரியைக் கூப்பிட்டிருப்பீர்கள். உண்மை வீட்டில் எவரும் காணாத பிசகு, சிறு வீட்டில் முகத்தில் அறைகிறது. சுருக்கும்போது எல்லாம் சுருங்குகின்றன; மரத்தின் மடிப்பும், பசையின் தடிப்பும், கையின் நடுக்கமும் மட்டும் சுருங்குவதில்லை.

முதல் நாள் பெட்டியைத் திறந்து, விதானத்தின் அடியில் வைக்க வேண்டிய சட்டத்தைப் பசையின்றி வெறுமனே பொருத்திப் பார்த்தேன். இதை நீங்கள் எந்த வேலையிலும் கைக்கொள்ளுங்கள்: பசை பூசுமுன் உலர்நிலையில் ஒரு முறை எல்லாவற்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சட்டம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் போதவில்லை. தச்சர் கணக்கில் ஒரு நூல். உண்மை வீடாயிருந்தால் ஒன்றரை அங்குலம் ஓட்டை. ஆனால் தரையோரம் வரவேண்டிய பட்டை, அதே சுவரில், அளவெடுத்துச் செய்தாற்போல் உட்கார்ந்தது. சன்னல் சட்டங்களின் மூலைகள் நான்கில் இரண்டு வாய் திறந்து நின்றன. முன்னறையின் தரைப்பட்டைக்கும் தரைக்கும் நடுவே ஒரு புறம் வெளிச்சம் தெரிந்தது.

சட்டம் சுருங்கிவிட்டதா? அப்படித்தான் எவருக்கும் முதலில் தோன்றும். மரம் மழைக்காலத்தில் ஊதுகிறது, சித்திரை வெயிலில் இளைக்கிறது. திருச்சியில் வாழ்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் மரம் அகலவாக்கில்தான் அப்படி அசைகிறது. நார் ஓடும் நீளவாக்கில் அதன் அசைவு மிக மிகக் குறைவு. விரலளவு அகலமும் ஓரடி நீளமும் உள்ள ஒரு சட்டம் நீளத்தில் ஒரு நூல் சுருங்குவது நடவாத காரியம். ஆகவே சட்டம் குறையவில்லை, சுவர்கள் விலகியிருந்தன. பக்கச் சுவர் மேலே போகப் போக வெளிப்புறமாகச் சாய்ந்திருந்தது. பெரியவரின் மூலைமட்டத்தையே எடுத்து வைத்துப் பார்த்தேன். ஐயத்துக்கு இடமில்லை. பசை இறுகும்வரை சுவரை நேராகப் பிடித்துக்கொண்டிருக்க அந்தக் கைகளால் இயலவில்லை.

சபையில் பொறியியல் படிக்கும் ஒரு தம்பி உண்டு, நல்ல பிள்ளை. வந்து பார்த்துவிட்டு அவன் சொன்னது நியாயமானது. "ஐயா, பிரிச்சிடலாம். வெள்ளைப் பசைதான் போட்டிருக்கார். ஈரத்துணி வச்சு, தலைமுடி உலர்த்துற கருவியால சூடு காட்டினா இளகிடும். மறுபடி நேரா ஒட்டிட்டா எல்லாச் சட்டமும் அப்படியே உட்காரும்." அவன் சொன்ன வழி சரியே. வெள்ளைப் பசை ஈரத்துக்கும் சூட்டுக்கும் இளகும்; மெல்லிய கத்தியைச் செலுத்திப் பிரிக்கலாம். உடனடியாக ஒட்டும் பசைதான் இதற்கு மசியாது. அதற்கு அசிட்டோன் வேண்டும். தவறாக ஒட்டிய ஒரு சட்டத்தை எடுக்க நீங்களும் இந்த முறையைத் தாராளமாகக் கையாளலாம்.

அந்த அம்மா அப்போது காபி கொண்டுவந்தார்கள். எங்கள் பேச்சு அவர்களுடைய காதில் விழுந்திருக்கிறது. தம்ளரை வைத்துவிட்டு, "அவர் கை பட்டது பட்டபடியே இருக்கட்டும், ஐயா" என்றார்கள். பிறகு சிறிது நேரம் கழித்து, "ஓட்டை இருந்தா இருந்துட்டுப் போகுது" என்றும் சொன்னார்கள்.

எனக்கோ இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. ஓட்டையோடு விட்டால், நூல் பிசகாத அந்த மனிதரின் பேரில் பிசகுள்ள ஒரு வீடு காலமெல்லாம் நிற்கும். பிரித்துக் கட்டினால் அது என் வீடு, அல்லது அந்தத் தம்பியின் வீடு. அந்த அம்மாவிடம் இருக்கப்போவது அவர் கட்டியதல்ல.

ஸ்ரீரங்கத்தில் கொலுப்படி செய்து தரும் வயதான தச்சர் ஒருவரை எனக்குப் பழக்கம். அவரிடம் ஒரு சட்டத்தை எடுத்துச்சென்று காட்டினேன். அவர் சட்டத்தைப் பார்க்கவேயில்லை. "சுவரை அளந்தீங்களா? எத்தனை இடத்துல அளந்தீங்க?" என்று கேட்டார். பழைய வீடுகளில் தாம் வேலை செய்தபோது ஒரு மூலையைக்கூட 90 டிகிரி என்று நம்பியதில்லை என்றார். மேலே ஓரளவு, நடுவே ஓரளவு, கீழே ஓரளவு. மூன்றும் ஒன்றாயிருந்தால் அன்றைக்குக் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைக்கலாமாம்.

அன்றிரவு விளக்கை அருகே இழுத்துவைத்து அறை அறையாக அளக்கத் தொடங்கினேன். அப்பொழுதுதான் பின்சுவரின் மூலையோரம், பின்னால் சட்டம் வந்து மூடிவிடக்கூடிய இடத்தில், பென்சிலால் எழுதிய எண்களைக் கண்டேன். தரையருகே 298. விதானத்தருகே 301. கோணலும் மாணலுமான எழுத்து. அடுத்த அறையில் 246, 248. மாடியறையில் மூன்று இடங்களில் மூன்று எண்கள். சன்னலோரம் மூலைக்கு மூலை அளந்த குறுக்களவு இரண்டு. அவை ஒன்றுக்கொன்று ஒவ்வவில்லை, கீழே ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது.

அவருக்குத் தெரிந்திருந்தது, அன்பானவர்களே. சுவர் சாய்ந்ததை அவர் கவனியாமல் போகவில்லை. சாய்ந்தபின் எவ்வளவு சாய்ந்தது என்று அளந்து, அடுத்த வேலைக்கு வேண்டிய கணக்கை உரிய இடத்தில் குறித்து வைத்திருந்தார். பெட்டியில் வந்த சட்டங்கள் பொருந்தா என்பதை அறிந்தே சட்டங்களைப் பெட்டியில் விட்டிருந்தார். வேலை நின்றது, கைவிடப்படவில்லை. இதை நான் மறுநாள் அந்த அம்மாவிடம் காட்டினேன். அவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு 301 என்ற எண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்களை அழிக்காமல் முடிக்க முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றேன். சட்டம் அவற்றின் மேல் வரும். ஆனால் சட்டத்தின் பின்னே அவை அப்படியே இருக்கும்.

இனி அந்த வேலை எவ்வாறு நடந்தது என்று சொல்கிறேன். உங்களில் எவரேனும் பிள்ளைகளுக்கு இத்தகைய வீடு கட்டக்கூடும். குடிலோ, அலமாரியோ, படச்சட்டமோ செய்கிறவர்களுக்கும் இது உதவும்.

குறைந்த சட்டத்தை நீட்ட முடியாது. ஒட்டுப்போட்டு நீட்டினால் ஒட்டு தெரியும். நான் செய்தது, மூலைகளில் 6 மில்லிமீட்டர் சதுரத்தில் சிறு கட்டைகளை வைத்ததே. இரண்டு மூலைக்கும் இரண்டு கட்டைகள். 301 மில்லிமீட்டரில் 12 போக மீதி 289. கையில் இருந்த சட்டமோ 298. சற்றுமுன் போதாதிருந்த சட்டம் இப்போது 9 மில்லிமீட்டர் கூடுதல்! வெட்டி எடுப்பது எப்பொழுதும் கூடும். அதுமட்டுமன்றி, கட்டையில் சட்டம் நேராகச் சென்று முட்டுவதால் மூலையில் சாய்வெட்டுக்கே வேலையில்லை. சாய்வெட்டு இல்லையெனில், மூலை 90 டிகிரியா 91 டிகிரியா என்ற தொல்லையும் பெரும்பாலும் தீர்ந்தது. நம் பழைய வீடுகளின் திண்ணைத் தூண்களைக் கவனித்திருப்பீர்கள். தூணும் உத்திரமும் சந்திக்கும் இடத்தில் போதிகை என்று ஒரு கட்டை வைத்திருப்பார்கள். பாரம் தாங்குவது அதன் முதல் வேலை. இரண்டு மரங்கள் சந்திக்கும் மூட்டைக் கண்ணுக்கு இதமாக மறைப்பதும் அதற்குக் கூடுதலாகக் கிடைத்த வேலை. ஆகையால் அந்தச் சிறு கட்டைகளின் அடியையும் சற்றே வளைத்துப் போதிகை போலச் செதுக்கினேன். மேலைநாட்டுப் பாணியில் அமைந்த ஒரு வீட்டுக்குள் ஸ்ரீரங்கத்துத் திண்ணையின் சாயல் நுழைந்ததைப் பற்றி அந்த நிறுவனத்தார் என்ன நினைப்பார்களோ, அறியேன்.

ஆனால் வெட்டும்போது 289க்கு வெட்டலாகாது. ஒரு மயிரிழை கூடுதலாக வெட்டி, முனையை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வைத்துப் பார்க்க வேண்டும். இறுக்கமாயிருக்கிறதே என்று அமுக்கித் திணிக்கக் கூடாது. திணித்த சட்டம் ஆப்பாக மாறிச் சுவரை இன்னும் வெளியே தள்ளும்; ஓரிடத்துச் சந்தை அடைத்து வேறிடத்தில் புதுச் சந்தை உண்டாக்கும்.

சன்னல் சட்டங்களின் கதை வேறு. சுவரோரப் பட்டையில் மூலை இரண்டு டிகிரி பிசகினாலும் பட்டையின் தடிப்பு 2 மில்லிமீட்டரே ஆனதால், விழும் இடைவெளி ஒரு தாளின் தடிப்புதான். அதற்காக வருந்தத் தேவையில்லை. ஆனால் சன்னலைச் சுற்றிப் படுக்கையாக ஒட்டும் சட்டம் 10 மில்லிமீட்டர் அகலம். அங்கே அதே இரண்டு டிகிரி, மூட்டின் முனையில் அரை மில்லிமீட்டர் வாயைத் திறந்துவிடும். பெட்டியில் எல்லாச் சட்டமும் 45 டிகிரிக்கு வெட்டப்பட்டு வந்திருந்தன. சன்னல் திறப்போ சதுரத்திலிருந்து சற்றே சரிந்திருந்தது. இதற்குக் கோணமானி வேண்டியதில்லை. மிச்சச் சட்டம் இரண்டை எடுத்து, திறப்பின் இரு ஓரங்களிலும் இருக்கவேண்டிய நிலையில், மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வையுங்கள். அவை உட்புறம் சந்திக்கும் புள்ளியையும் வெளிப்புறம் சந்திக்கும் புள்ளியையும் குறித்துக்கொண்டு, இரண்டையும் ஒரு கோட்டால் இணையுங்கள். மூலை 87 டிகிரியோ 93 டிகிரியோ, அந்தக் கோடு அதைச் சரிபாதியாகப் பிளக்கும். அதன்வழியே வெட்டினால் மூட்டு மூடும். எட்டு மூலைகளுக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் சென்றன.

தரைக்கும் பட்டைக்கும் நடுவே தெரிந்த வெளிச்சத்துக்குத் தச்சர் சொன்ன வழி இன்னும் எளிது. பட்டையை அதன் இடத்தில் நிறுத்தி, ஒரு பென்சிலைத் தரையில் படுக்கவைத்தபடி அதன் நீளம் முழுவதும் இழுத்துச் செல்ல வேண்டும். தரையின் மேடும் பள்ளமும் அப்படியே பட்டையின் மேல் கோடாக விழும். அந்தக் கோடுவரை அடியைத் தேய்த்துவிட்டால் பட்டை தரையைத் தழுவி நிற்கும். நேர்கோடாக இருக்கிறதா என்று பார்க்கக் கூடாது. தரை வளைந்திருக்கும்போது நேரான பட்டைதான் கோணலாகத் தெரியும்.

இவ்வளவுக்குப் பின்னும் ஆங்காங்கே சிறு சந்துகள் எஞ்சின. பெரியவரின் கருவிப் பெட்டியில் ஃபீலர் கேஜ் ஒன்று இருந்தது. விசிறிபோல் விரியும் எஃகுத் தகடுகள், ஒவ்வொன்றிலும் அதன் தடிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். ஆலையில் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே எவ்வளவு இடமிருக்கிறது என்று அளக்க அவர் ஆண்டாண்டுகளாக உபயோகித்தது. அதைச் சந்தில் செலுத்தி 0.30 என்றால் அந்தத் தடிப்புள்ள கல்யாணப் பத்திரிகை அட்டையைச் சக்கையாகச் சீவி உள்ளே வைத்தேன், 0.10 என்றால் சாதாரணத் தாள் ஒன்று போதும். பிறகுதான் பட்டி பார்த்தது. நம்மில் பலர் முதலிலேயே பட்டியை எடுத்துவிடுகிறோம். வண்ணம் பூசுகிறவர்களைக் கேளுங்கள்: அகலமான சந்தில் அடைத்த பட்டி ஒரு கோடை தாண்டாது, காய்ந்து விலகிவிடும். மயிரிழைச் சந்துக்குத்தான் அது. தேய்த்தெடுத்த மரத்தூளையே பசையில் குழைத்துப் பூசலாம். ஆனால் வண்ணம் பூசப்போகும் சட்டத்துக்கு மட்டும். வார்னிஷ் அடித்து மரநிறத்தில் விடுவதானால் பசை பட்ட இடம் வார்னிஷை உறிஞ்சாது, திட்டாகக் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று. மெல்லிய சட்டத்துக்கு ஒரு பக்கம் மட்டும் வண்ணம் பூசினால் அது வில்லாக வளைந்துகொள்ளும். இரண்டு பக்கமும் பூசிக் காயவிட்டு, அதன்பின் ஒட்டுங்கள். ஒட்டும் பக்கத்தில் மாத்திரம் நடுவே ஒரு கோட்டளவு வண்ணத்தைச் சுரண்டிவிட்டால் பசை பிடிக்கும்.

இந்த நாட்களில் 1 இராஜாக்கள் 6ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்தேன். சாலொமோனின் ஆலயத்துக்கான கற்கள் வெட்டும் இடத்திலேயே முழுமையாகச் செதுக்கப்பட்டு வந்தபடியால், கட்டும் இடத்தில் சுத்தியலின் ஓசையே எழவில்லை என்கிறது வேதம். கேதுரு மரங்களோ லீபனோனிலிருந்து கடல்வழியாக மிதந்துவந்தன. தூரத்தில் அளவெடுத்து, தூரத்தில் வெட்டி, கொண்டுவந்து பொருத்துவது. இதைப் பற்றி நானே பல முறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் கையில் உப்புத்தாளோடு வாசிக்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது: கற்சுவரின் உட்புறம் முழுவதையும் கேதுருப் பலகைகளால் மூடினார்கள், கல் ஒன்றும் வெளியே தெரியவில்லை. கற்கள் அமைதியாக வந்து உட்கார்ந்திருக்கலாம். பலகைகளை மூலையில் இணைத்த தச்சர்கள் ஒன்றையும் தேய்க்காமலா இணைத்திருப்பார்கள்? அந்தத் தச்சர்களைப் பற்றி வேதம் ஒன்றும் கூறவில்லை. நம் ஆண்டவரைத் தச்சனின் மகன் என்று நாம் மேடைகளில் எளிதாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். நாசரேத்தின் மூலைகளும் 90 டிகிரியாக இருந்திருக்க மாட்டா.

ஸ்ரீரங்கத்துக்குப் போய்வரும் வழியில் அந்த இராஜகோபுரத்தைக் காணாமல் வர முடியாது. 13 நிலைகள், 236 அடி உயரம். இன்றைய பிள்ளைகள் அது என்றும் அப்படியே நின்றதென்று எண்ணுகிறார்கள். அறுபது வயதைக் கடந்த திருச்சிக்காரர்களுக்கு அது மொட்டைக் கோபுரமாக நின்றது நினைவிருக்கும். விஜயநகரத்து அச்சுதராயர் காலத்தில் கல்லால் அடித்தளம் எழுப்பப்பட்டு, ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் மேலே ஒன்றுமின்றி நின்றது. 1987ஆம் ஆண்டுதான் மேல்நிலைகள் யாவும் முடிந்தன. அடித்தளத்தை இடித்துவிட்டுப் புதிதாய்த் தொடங்கவில்லை. முன்னோர் விட்டுச்சென்ற கல்லின் அளவுக்கு ஏற்ப மேலே உள்ளவை அமைந்தன. இது வேறு சமயத்தாரின் ஆலயம்தான். ஆனால் கட்டடக் கலைக்கு நாம் கொடுக்கவேண்டிய மரியாதையைக் கொடுப்பதில் தடையேதும் இல்லை. ஆட்டோவில் அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் கல் முடிந்து மற்றது தொடங்கும் இடத்தில் என் கண் போய் நிற்கும். கட்டியவர்கள் அங்கே எதை அளந்தார்கள், எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

கடைசியாக ஒட்டியது பின்னறையின் விதானச் சட்டம். 301 என்ற எண்ணின் மேல் அது வரவேண்டும். அந்த அம்மாவை வரச்சொல்லியிருந்தேன். ஒட்டுமுன் அவர்கள் ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டார்கள். கைபேசியில் எண்ணைப் படம் பிடித்துக்கொண்டார்கள். பிறகு, "சரி ஐயா, வைங்க" என்றார்கள். பசை பூசி, சட்டத்தை ஏற்றி, காகித நாடாவால் கட்டினோம். தம்பி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான். இறுகுவதற்கு ஓர் இரவு விட்டோம். காலையில் நாடாவை எடுத்தபோது ஃபீலர் கேஜில் மிக மெல்லிய தகடும் அந்த மூலையில் நுழையவில்லை.

சுவர் இன்றும் சாய்ந்தேதான் இருக்கிறது. மூலைமட்டத்தை வைத்தால் தெரியும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

சென்ற சனிக்கிழமை பேத்தி வந்திருந்தாள், ஏழு வயது. பாட்டியின் பெட்டிகளெல்லாம் கயிறு கட்டி வாசலில் கிடந்தன. அவள் எதையும் கேட்காமல் தன் மரப்பாச்சி இரண்டையும் கொண்டுவந்து பின்னறையில் நிறுத்தினாள். ஆண்பொம்மையின் தலை கதவின் மேல்சட்டத்தில் முட்டியது. அவள் அதைப் படுக்கவைத்தாள், தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை, படுத்திருக்கிறார் என்றாள். பிறகு வீட்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பாஸ்டர் தாத்தா, இதுல திண்ணை எங்கே?" என்று கேட்டாள். பாட்டி என்னைப் பார்த்தார்கள். பெட்டியின் அடியில் உபயோகப்படாத பலகை ஒன்று மிஞ்சியிருந்தது. எடுத்து அளந்து பார்த்தேன். முன்சுவரின் நீளத்துக்கு ஒரு திண்ணையும், இரண்டு தூண்களும், தூணுக்கு ஒரு போதிகையும் வரும். கோயம்புத்தூர் வண்டி செவ்வாய்க்கிழமைதான்.